நான் அழித்த தடம்

மூன்று வருஷத்துக்கு முன், ஆனி மாத மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடம், கண்டி டவுனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தொன்றில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு பேனர் கடை. அங்கே நான் டிசைன் வேலை செய்கிறேன். அப்போது வேலைக்குச் சேர்ந்து பதினொரு வருஷமாகியிருந்தது. கடைக்கு ஜன்னல் கிடையாது. என் மேசை சுவரைப் பார்த்தபடி இருக்கும். காலை எட்டரைக்குக் கதிரையில் உட்கார்ந்தால், வெளியே மழையா வெயிலா என்பது மாலை ஆறு மணிக்குத்தான் தெரியும்.

முதலில் என் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியாது.

டியூஷன் வகுப்பு, டயர் கடை, சலூன், புடவைக் கடை, கிரிக்கெட் போட்டி என்று எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் பேனர் அடிக்க வருவார்கள். யார் வந்தாலும் கடைசியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். "மிஸ், ஓரத்துல ஒரு பொம்பளப்புள்ள படம் போட்டுருங்க." தண்ணீர் மோட்டார் விற்கிறவருக்கும் பொம்பளப்புள்ள வேண்டும், பெயின்ட் விற்கிறவருக்கும் வேண்டும். கூரைத் தகடு விற்கும் ஒருவர், தகட்டுக்குப் பக்கத்தில் நான் நிறுத்தியிருந்த பெண்ணின் புடவையை இடுப்பில் இன்னும் கொஞ்சம் இறக்கச் சொன்னார். தகட்டைப் பற்றி மனிதர் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்காகவே என் கம்ப்யூட்டரில் 'லேடீஸ்' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அதற்குள்ளே புடவை, ஜீன்ஸ், சிரிப்பு என்று தனித்தனிப் பிரிவுகள். எல்லாம் இன்டர்நெட்டில் இறக்கியவை. அவர்கள் யார், எந்த ஊர், எதுவும் எனக்குத் தெரியாது. எந்தப் படமாக இருந்தாலும் அப்படியே போட மாட்டேன். இடுப்பை உள்ளே தள்ளுவேன், மார்பை எடுப்பாக்குவேன், கழுத்தை நீட்டுவேன், தோலைத் துடைத்து வெளுப்பாக்குவேன், உதட்டுக்குச் சிவப்பு ஏற்றுவேன். எங்கள் பாஷையில் இதற்கு 'ஷேப் எடுக்கிறது' என்று பெயர். அதில் நான் கெட்டிக்காரி. கடை முதலாளி கண்டிக்குப் பக்கத்து அக்குறணைக்காரர், அவரே வாடிக்கையாளர் முன்னால், "தங்கச்சிட கை பட்டா கிழவியும் கொமரியாகிருவா" என்று சொல்வார். எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும். பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது.

நான் ஷேப் எடுத்த பெண்களில் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. அப்பா அம்மா இல்லை. ஒரே தம்பி வெளிநாட்டில், கட்டாரில். டவுனிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு போர்டிங் அறையில் தனியாக இருந்தேன், இன்னமும் அங்கேதான் இருக்கிறேன். ஃபேஸ்புக்கில் நான் போட்டிருந்த படத்தில் இருந்த பெண் எனக்குத் தூரத்துச் சொந்தம் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதே படத்தைத்தான் கல்யாணத் தரகருக்கும் கொடுத்தேன். கடுகண்ணாவையிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஃபோனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஃபோனைப் பார்த்தார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார்கள். மறுநாள் கடையில் இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அறைக்குத் திரும்பிய பிறகு சிரிப்பு வரவில்லை. அப்போதும் படத்தை மாற்றவேண்டும் என்று தோன்றவில்லை, என்னை மாற்ற முடியவில்லையே என்றுதான் அழுதேன்.

சரி, அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஒன்பதரை மணிக்கு ஒரு அப்பாவும் மகளும் நனைந்தபடி படியிறங்கி வந்தார்கள். கம்பளைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தார்கள். முந்தின நாள் இரவு அந்த மனிதரின் மனைவி கண்டி ஆஸ்பத்திரியில் இறந்திருக்கிறார். நாற்பத்தேழு வயது. அன்று உடலை எடுத்துப் போகவேண்டும், மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்கம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்கு ஏறும் பாதை முனையில் கட்டுவதற்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று வேண்டும் என்றார். பெயரையும் விபரத்தையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். அதைக் கொடுத்துவிட்டு, "மக ஃபோன்ல படம் இருக்குங்க தங்கச்சி. நான் ஆஸ்பத்திரியில கடுதாசி எடுத்துக்கிட்டு வந்துர்றேன்" என்று மழையில் திரும்பிப் போனார்.

மகளுக்குப் பதினேழு வயது இருக்கும். அழுது முகம் வீங்கியிருந்தது. கேபிளைக் குத்தி அவள் ஃபோனிலிருந்து படத்தை எடுத்தேன். ஏதோ கல்யாண வீட்டு வாசலில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கத்தரிப்பூ நிறப் புடவையில் ஒரு பெண். கறுத்த, மெலிந்த முகம். தோள் இரண்டும் அகலம். கண்ணுக்குக் கீழே கருமை. வகிடு தொடங்கும் இடத்தில் முடி உதிர்ந்து ஒரு தடம். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டித் தூக்குகிறவர்களுக்கு வருவது அது. நானும் அந்தப் பக்கத்தில் பிறந்தவள்தான், அந்தத் தடத்தை எனக்குத் தெரியும். அதை மறைக்க அந்தப் பெண் முடியை முன்னால் இழுத்துச் சீவியிருந்தாள். அப்படியும் தெரிந்தது.

"வேற படம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. அம்மா படத்துக்கு நிக்க மாட்டாங்க. இது மட்டுந்தான்" என்றாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு புடவைக் கடைப் பேனரைக் காட்டினாள். நான் செய்ததுதான். "அக்கா, எங்கம்மாவையும் அந்த மாதிரி கொஞ்சம் அழகா ஆக்கித் தர முடியுமா? நாளைக்கு எல்லாரும் பாப்பாங்க."

அவள் கேட்டதில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தினமும் கேட்கிறதுதானே. கை தன்பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது. கருமையைத் துடைத்தேன். தடத்தின் மேல் முடி வளர்த்தேன். நிறத்தை ஏற்றினேன், கழுத்தை நீட்டினேன், உதட்டைச் சிவப்பாக்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். தோளைக் குறுக்கினேன், இடுப்பையும் உள்ளே தள்ளினேன். தொங்கியிருந்த புடவையை உடம்போடு ஒட்டவைத்து மார்பை எடுப்பாக்கினேன். செத்துப்போய்ப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகாத, முகத்தை ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒரு தாய்க்கு நான் இதைச் செய்தேன். எனக்கு இருபது நிமிஷம் போதுமாக இருந்தது. முடித்ததும் வழக்கம்போல அதே ஃபைலின் மேலேயே சேமித்தேன். கடைக் கம்ப்யூட்டரில் இடம் போதாது, அதனால் பழையதை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.

மகள் திரையைப் பார்த்து, "அம்மா" என்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புதிய படத்தைத் தன் ஃபோனிலும் போட்டுத் தரச் சொன்னாள். போட்டுக் கொடுத்தேன். பேனரைச் சுருட்டிப் பொலித்தீனில் சுற்றி வைத்தேன். அப்பா வந்து, பிரித்துப் பார்க்காமலே, கும்பிட்டு வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் காலை கடை திறந்ததும் ஃபோன் அடித்தது. அவர்தான்.

"தங்கச்சி, ஒரு தப்பு நடந்திருச்சிங்க. வேற யாரோ பொம்பளயோட பேனர எங்களுக்கு மாத்திக் குடுத்திட்டீங்க. ராத்திரி பசங்க கட்டிட்டானுங்க, நான் இப்பதான் பாத்தேன்" என்றார். கோபமே இல்லாத குரல். "பேரு எங்காளு பேருதான். படந்தான் மாறிப்போச்சி. அவங்களும் சாவு வீட்டுக்காரங்கதானே தங்கச்சி, பாவம், எங்க படத்த வச்சிக்கிட்டு முழிச்சிக்கிட்டு இருப்பாங்க. அவங்களுக்கும் சொல்லிருங்க."

இல்லாத ஒரு சாவு வீட்டுக்காக அந்த மனிதர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, அது உங்க வீட்டுக்காரம்மாதான். நான்தான் கொஞ்சம்..." என்று இழுத்தேன்.

"இல்லங்கம்மா. எம் பொஞ்சாதிய எனக்குத் தெரியாதா? தலையில கொழுந்துக்கூடக் கயிறு அழுத்துன தடம் இருக்குமே. இருவத்தாறு வருசம் கூடை தூக்குனவ. அது எங்க இதுல?"

"அத நான்தான் அழிச்சேன்."

"ஏன்?" என்றார்.

சத்தியமாக அவருக்குப் புரியவில்லை, அதனால்தான் கேட்டார். "அழகா இருக்கட்டும்னு" என்று சொன்னேன். மகள் கேட்டாள் என்று சொல்ல வாய் வரவில்லை. "அவளுக்கு என்ன கொற?" என்றார்.

அவர் ஃபோனை வைத்த கையோடு மகள் என்னை அழைத்தாள். குசுகுசுவென்று பேசினாள். பேனரை யாரோ ஃபோனில் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறார்கள், மரண அறிவித்தலாகத்தான். அது எங்கெங்கோ பகிரப்பட்டிருக்கிறது. "அக்கா, கீழ என்னென்னமோ எழுதுறாங்க" என்றாள். நான் தேடிப் பார்த்தேன். படத்துக்குக் கீழே வரிசையாக இதயம், நெருப்பு. 'இந்த வயசிலயும் இப்படியா', 'ஹீரோயின் மாதிரி ஆன்ட்டி', 'இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க'. இன்னும் சில இருந்தன, அவற்றை எழுத என் கை கூசுகிறது. எழுதியவர்களில் பாதிப் பேருக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்காது. கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்து அத்தனை பெரிதாக மேலேயே இருந்தது. யாருடைய கண்ணும் அதுவரை போகவில்லை.

நான் செய்த பேனர்களுக்குக் கீழே இப்படிப்பட்ட எழுத்துகளைப் பதினொரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். 'ரீச் நல்லாயிருக்கு' என்று முதலாளியிடம் காட்டிச் சந்தோஷப்பட்டும் இருக்கிறேன். தகட்டுக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு வீட்டில் ஒரு மகள் இருந்திருப்பாள் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

"என்னோட டியூஷன்ல படிக்கிறவனும் எழுதியிருக்கான்க்கா" என்று அழுதாள் மகள்.

பழைய படத்தை உடனே அனுப்பு, நான்கு மணிக்குள் வேறு பேனர் அடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன். "அழிச்சிட்டேன்க்கா" என்றாள். "நீங்க புதுசு குடுத்தவுடனேயே போற வழியில பழையத அழிச்சிட்டேன். இனிமே இதுதான் அம்மான்னு நெனச்சேன்." அழித்தவை போய்ச் சேரும் தொட்டியையும் காலி செய்துவிட்டாளாம். வேறு எங்கேயும் தாயின் படம் இல்லை. அந்தக் கல்யாண வீட்டு ஆல்பத்தில் அவர் இல்லை, சமையல் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அடையாள அட்டை மரணப் பதிவுக்குப் போய்விட்டது. என் கம்ப்யூட்டரிலும் அந்த முகம் இல்லை. நான்தான் அதன் மேலேயே சேமித்தேனே. ஒரு பெண் இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரே படத்தை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இல்லாமல் ஆக்கியிருந்தோம்.

முதலாளியிடம் சொன்னேன். "புள்ளயே கேட்டிச்சி தானே, அப்ப ஒங்கட தப்பில்லயே" என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு பேனர் அடிக்கிற மெஷினை எனக்கு விட்டுக்கொடுத்தார்.

நான் அவள் அப்பாவை மறுபடி அழைத்தேன். இப்போதைய முகத்தை ஃபோனில் பிடித்து அனுப்பினால் என்ன என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "வேணாங்கம்மா. செத்த முகம் வேணாம். உசுரோட இருந்த முகத்தப் போடுங்க" என்றார். அப்படியென்றால் நீங்கள்தான் சொல்லவேண்டும் என்றேன். சிக்னலுக்காகப் பாதையில் மழையில் நின்றுகொண்டு அவர் சொல்லச் சொல்ல, நான் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, ஷேப் எடுத்த அந்தப் படத்தின் மேலேயே வேலை செய்தேன்.

"தோள் அகலம். எனக்குச் சரியா இருப்பா." தோளை வெளியே இழுத்தேன். "இடுப்பு இப்பிடி இல்ல. மூணு புள்ள பெத்தவ, ரெண்டு தங்கல." இடுப்பை வெளிப்பக்கம் தள்ளினேன். பதினொரு வருஷத்தில் ஒரு பெண்ணின் இடுப்பை நான் வெளியே தள்ளியது அன்றுதான். புடவையைத் தளர்த்தினேன். "கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கும். கழுத்துல மடிப்பு மடிப்பா கோடு. சிரிச்சா கோடு தெரியும்." அங்கே மாட்டிக்கொண்டேன். கோட்டை அழிக்கத் தெரிந்த எனக்கு அதை வரையத் தெரியவில்லை. எங்காவது எடுத்து ஒட்டலாம் என்று 'லேடீஸ்' ஃபோல்டரை மேலிருந்து கீழ்வரை தேடினேன். நானூறு ஐந்நூறு பெண்களில், வேலை செய்த கழுத்து ஒருத்திக்குக்கூட இல்லை.

அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? கடையின் டியூப் லைட்டுக்குக் கீழே நின்று என் கழுத்தை நானே ஃபோனில் பிடித்தேன். கண்ணுக்குக் கீழேயும் பிடித்தேன். பல வருஷத்துக்குப் பிறகு, துடைக்காத என் தோலை அன்றுதான் பெரிதாகப் பார்த்தேன். பார்க்கச் சகிக்கவில்லை என்றுதான் முதலில் தோன்றியது. அதைத்தான் வெட்டி எடுத்து அந்த அம்மாவுக்குப் போட்டேன். என் நிறம், என் கழுத்து மடிப்பு, என் கண் கருமை. கடைசியாக, முடியை விலக்கித் தலையில் கயிற்றுத் தடத்தை வரைந்தேன்.

பேனரை எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். கம்பளை பஸ்ஸில் முன்பக்கத்து டிவியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் மழையில் ஆடினாள். கேமரா அவள் இடுப்பை விட்டு மேலே வரவே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஆபீஸ்காரர்கள், காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் தினமும் பார்க்கிறவள்தான். நிறுத்தச் சொல்லலாமா என்று நினைத்தேன், தைரியம் வரவில்லை. மடியில் இருந்த சுருளைப் பிடித்துக்கொண்டு மழையைப் பார்த்தபடி போனேன். அந்த நேரத்தில் யாரிடமாவது பேசவேண்டும்போல இருந்தது. ஃபோனை எடுத்து, பெயர்களை மேலிருந்து கீழே தள்ளிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தேன்.

கம்பளையிலிருந்து ஆட்டோ பிடித்து மேலே போனபோது மணி இரண்டரை. பாதை முனையில் பழைய பேனர் இல்லை. அப்பாவே காலையில் அவிழ்த்து, மடித்து, விறகுக்கு மேலே கவிழ்த்துப் போட்டிருந்தார். லயத்து இளைஞர்கள் இரண்டு பேர் என்னிடமிருந்து சுருளை வாங்கினார்கள். ஃபேஸ்புக்கில் போட்டது அவர்களில் ஒருவன். "நல்லா இருக்குன்னுதான்க்கா போட்டேன், இப்பிடி எழுதுவானுங்கன்னு தெரியாது. எடுத்திட்டேன்" என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

பேனரைப் பிரித்துக் கட்டினார்கள். அப்பா குடையில்லாமல் வந்து அதன் முன்னால் நின்றார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கழுத்து அப்பிடியே இருக்கு தங்கச்சி" என்றார். நான் சேலைத் தலைப்பை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்குள் போனேன். அந்த அம்மாவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். குளிப்பாட்டிய பெண்கள் முடியை இறுகப் பின்னால் வாரியிருந்தார்கள். தடம் நன்றாகத் தெரிந்தது. மகள் பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் பக்கத்தில் இடம் விட்டாள்.

"நான்தான்க்கா சொன்னேன், முடிய முன்னால இழுத்துச் சீவும்மான்னு" என்றாள் மெதுவாக. "ஸ்கூலுக்கு வந்தப்ப புள்ளைங்க பாத்துச் சிரிச்சாங்க. அன்னையிலேருந்து அம்மா அப்பிடியேதான் சீவுனாங்க. என் ஃபோட்டோவுல அம்மா விழுந்தா வெட்டிட்டுத்தான் போடுவேன். அது அம்மாவுக்கும் தெரியும். அதான் ஃபோன எடுத்தாலே வெலகிப் போயிருவாங்க."

அவளைத் திட்டத் தோன்றவில்லை. அவள் பார்த்து வளர்ந்த பெண்கள் யார்? சுவரிலும் டிவியிலும் ஃபோனிலும் என்னைப் போன்றவர்கள் துடைத்து வழித்து நிறுத்தியவர்கள்தானே. அவர்களுக்குப் பக்கத்தில் தன் தாயை நிறுத்திப் பார்த்திருக்கிறாள். அவள் கைகாட்டிய பேனரே என் கையால் செய்ததுதான்.

அவள் விரலை நீட்டித் தாயின் தலையில் அந்தத் தடத்தைத் தொட்டாள். ஓரத்திலிருந்து ஓரம்வரை தடவினாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, இது பள்ளமா இருக்கு. நீங்க கோடு மாதிரி போட்டிருக்கீங்க" என்றாள். "நான் ஒரு நாளும் தொட்டுப் பாத்ததில்லக்கா." அதைச் சொல்லிவிட்டுத்தான் அவள் வாய்விட்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மணிக்குத் தூக்கினார்கள்.

அதற்குப் பிறகு நான் பெரிய புரட்சி ஒன்றும் செய்யவில்லை. அதே கடை, அதே கதிரை. மறுநாளே ஒரு செருப்புக் கடைக்காரர் வந்து பொம்பளப்புள்ள படம் கேட்டார், போட்டுக் கொடுத்தேன். ஆனால் ஷேப் எடுப்பதில்லை. வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களை அடுத்த தெருவுக்கு அனுப்பிவிடுவேன். முதலாளிக்கு அதில் வருத்தம்தான், என்னைப் போகச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. யார் படம் கொண்டுவந்தாலும் முதலில் அசலைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் எதையும் தொடுகிறேன். அந்த மகள் இப்போது கம்பளையில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். வருஷ நினைவுக்கு அந்தப் பேனர் படத்தைக் கேட்டு வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். கழுத்து யாருடையது என்று அவளிடம் மட்டும் சொன்னேன். "அப்பாவுக்குச் சொல்ல வேணாம்க்கா" என்றாள்.

கல்யாணத் தரகருக்குப் புதிய படம் கொடுத்திருக்கிறேன். ஃபேஸ்புக்கிலும் அதைத்தான் போட்டேன், அதே டியூப் லைட்டுக்குக் கீழே புதிதாக எடுத்தது, ஒன்றும் துடைக்கவில்லை. தம்பி மட்டும், "என்னக்கா, சுகமில்லையா?" என்று கேட்டு அனுப்பினான்.

சில மாலைகளில் கடையை மூடிவிட்டு அறைக்கு நடக்கும்போது அந்தக் காலை ஃபோன் நினைவுக்கு வரும். பெயரும் ஊரும் வயதும் சரியாக இருந்தும், ஒரு தடம் இல்லை என்பதற்காக, இது என் மனைவி இல்லை என்று அடித்துச் சொல்ல அந்த அம்மாவுக்கு ஒரு ஆள் இருந்தார். எனக்கு ஒரு நாள் பேனர் கட்டும்போது, இது அவள் இல்லை என்று கடைக்கு ஃபோன் எடுக்க யார் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் என் முகத்தை இப்போதெல்லாம் நான் தொடுவதில்லை.